வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

அத்தியாயம் 7: கந்துவட்டியிலிருந்து உங்களையும் உங்கள் தெருவையும் காத்துக்கொள்ள

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றி ஏற்கெனவே பலமுறை மனுக் கொடுத்து அலைந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என நால்வரும், அந்த வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது. தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் வந்தது 2003-ல். அன்றைக்கு அந்தச் சட்டத்துக்கு 14 வயது.

சட்டம் இருந்தும் இது நடந்தது. அதனால் இந்த அத்தியாயத்தில் சட்ட விளக்கம் குறைவாகவே இருக்கும். மனுவை யாரும் ஒதுக்கிவைக்க முடியாதபடி கொடுப்பது எப்படி, அதற்கு முன் கணக்கும் ஆதாரமும் சேர்ப்பது எப்படி, அதற்கும் முன் கண்ணியில் கால் வைக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் பேச்சு. வட்டிக்காரரின் பலம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று. வெளியில் தெரிந்தால் அவமானம் என்று நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது மற்றொன்று. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றை அவர் கையிலிருந்து எடுப்பதற்காகத்தான்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே உங்களை அழுத்திக்கொண்டிருந்தால், மற்றதை அப்புறம் படிக்கலாம். 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிட்டு உட்காரவையுங்கள். கடன் என்பது ஒரு கணக்கு. அதைத் தீர்க்க வழிகள் உண்டு.

### முதலில் வட்டியைக் கணக்குப் போடுங்கள்

நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், கந்துவட்டி ஆகிய பெயர்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. ரன் வட்டி, ஸ்பீடு வட்டி, ராக்கெட் வட்டி என்று ஊருக்கு ஊர் புதுப் பெயர்களும் புழங்குகின்றன. பெயர் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?

அளவுகோல் எளிது. ‘ஒரு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். 1957-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பும் இந்த 12 சதவீதம்தான். ‘மூணு வட்டி’ 36 சதவீதம். ‘பத்து வட்டி’ 120 சதவீதம்.

தண்டலில்தான் ஏமாற்றம் அதிகம். 10,000 ரூபாய் தண்டல் என்பார்கள். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘பதினைந்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். முழு 8,500 ரூபாய் உங்கள் கையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஐம்பதாவது நாளில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். தண்டல் என்ற பெயரில் நீங்கள் வாங்கியது பத்து வட்டி.

சந்தையில் காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 திருப்பித் தருபவர்களின் நிலை இன்னும் மோசம். ஒரு மாதம் இப்படி ஓடினால் வட்டி மட்டும் 3,000 ரூபாய். அசலைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரத் தேவை அந்த 900 ரூபாய்தான். தினம் 50 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தால் 18 நாளில் 900 சேர்ந்துவிடும். பத்தொன்பதாம் நாள் காலையில் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். வருமானம் அந்த அளவுக்கு இடம் தரவில்லை என்றால் 20 ரூபாய் வைத்துத் தொடங்குங்கள். காலையில் 900-க்குப் பதில் 700, 500 என்று வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

### வாங்கும் முன் தட்ட வேண்டிய கதவுகள்

கந்துவட்டிக்குப் போகும் பலர், அதற்கு முன் வேறு எங்கும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவசரமும் அலைய வேண்டுமே என்ற தயக்கமும்தான் காரணம். அதனால் அவசரம் வருவதற்கு முன்பே இவற்றை விசாரித்து வையுங்கள்.

1. நகை இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவு வங்கி, அல்லது ஏதாவது ஒரு வங்கி. நகைக்கடன் அன்றைக்கே கிடைக்கக்கூடியது.
2. தெருவோர வியாபாரியாக இருந்தால் பிரதமர் ஸ்வநிதி திட்டம். 2020-ல் முதல் கடன் 10,000 ரூபாய் என்று தொடங்கியது. 2025-ல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து 50,000 வரை போகலாம். நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.
3. பெண்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடனும் வங்கி இணைப்புக் கடனும்.
4. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு தாட்கோ. சிறுபான்மையினருக்கு டாம்கோ. பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ. இவை தொழில் கடனுக்கு. நாளை காலைக்குள் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.
5. மருத்துவச் செலவு என்றால் முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லை என்றால் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். வட்டிக்கடையில் சிக்கியவர்களின் கதையைக் கேட்டால் பாதிக் கதை ஆஸ்பத்திரியில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தனியாரிடம்தான் வாங்க வேண்டும் என்றால், அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டித் தொழிலுக்கும் அடகுக் கடைக்கும் உரிமம் தருபவர் வட்டாட்சியர். தாலுகா அலுவலகத்தில் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். உரிமத்தை அவரிடமே கேட்டாலும் தவறில்லை. கேட்டதும் கோபப்படுகிறாரா, அங்கேயே எழுந்துவிடுங்கள்.

### கையெழுத்துப் போடும் நேரம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கடனில் சிக்கியவரை மீட்பது கடினமாவது பெரும்பாலும் வட்டியால் அல்ல, அந்தப் பத்து நிமிடத்தில் போட்ட கையெழுத்துகளால்.

வெற்றுப் புரோநோட்டு. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டம் பார்க்கும். 20,000 வாங்கினீர்கள், அதில் 5 லட்சம் என்று எழுதப்படலாம். அப்புறம் உண்மையை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

புரோநோட்டு எழுதும்போது:

1. தொகையை எண்ணிலும் எழுத்திலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்களோடு வந்தவர் எழுதட்டும்.
2. கையில் வாங்கிய தொகையை மட்டும் எழுதுங்கள். முன்வட்டி பிடித்துக்கொண்டு 45,000 கொடுத்தால் 45,000 என்றுதான் எழுத வேண்டும்.
3. தேதி, ஊர், வட்டி விகிதம் மூன்றும் இருக்க வேண்டும். விகிதத்தை ‘ஆண்டுக்கு’ என்று எழுதுங்கள்.
4. காலியாக உள்ள இடங்களில் கோடு இழுத்து அடைத்துவிடுங்கள்.
5. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. அதற்குப் பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செல்போனில் படம் எடுங்கள். ‘படம் எல்லாம் எதுக்கு?’ என்று கேட்பவரிடம் கடன் வாங்க வேண்டாம்.

வெற்று செக். தராதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் தொகையும் பெயரும் தேதியும் எழுதி, இரண்டு கோடு கிழித்து, படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். ‘பாதுகாப்புக்கு அஞ்சு செக்’ என்று கேட்டால் அது ஐந்து வழக்குகளுக்கான விதை.

கிரய ஒப்பந்தமும் பவர் பத்திரமும். நிலமோ வீடோ இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ‘சும்மா ஒரு அக்ரிமெண்ட், பணம் கட்டினதும் கேன்சல் பண்ணிடலாம்’ என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கே கூட்டிப்போய், கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ பதிவு செய்துகொள்வார்கள். அதன்பின் சட்டத்தின் கண்ணில் நீங்கள் கடனாளி அல்ல. சொத்தை விற்க ஒப்புக்கொண்டவர். கடனுக்குச் சொத்தை ஈடு வைப்பதென்றால் அடமானப் பத்திரம் மட்டுமே. பத்திரத்தின் தலைப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘கிரயம்’, ‘ஒப்பந்தம்’, ‘அதிகாரம்’ என்ற சொற்களில் ஒன்று காதில் விழுந்தாலும் பேனாவைக் கீழே வையுங்கள். பணம் கட்டி முடித்தபின் ரத்துப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பார்க்கும்வரை கடன் முடியவில்லை.

ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு, ஆதார், வண்டியின் ஆர்.சி. புத்தகம். பின் நம்பரோடு ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்டு, சம்பளத் தேதியில் தன் சம்பளத்தையே தான் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போய் அந்தக் கார்டை முடக்கிப் புதிய கார்டு வாங்குங்கள். அதற்கு வட்டிக்காரரின் சம்மதம் தேவையில்லை.

ஜாமீன் கையெழுத்து. ‘மாப்ள, சாட்சிக்குத்தான்’ என்று கூப்பிடுவார்கள். சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. ஜாமீன் என்றால் கடன் உங்களுடையதும்தான். நட்புக்காக நாலு நாள் கூலியை வேண்டுமானால் கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

### ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

முதல் வேலை, புது வட்டிக்காரரிடம் வாங்கிப் பழைய வட்டிக்காரருக்குக் கட்டுவதை நிறுத்துவது. நாலு பேரிடம் சிக்கியவர்கள் எல்லோரும் ஒருவரிடம் தொடங்கியவர்கள்தான்.

படி 1: வீட்டில் சொல்லுங்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும், இருவருக்கும் தெரியாமல் மகனும் வாங்கிய கடன்கள் ஒரே வீட்டில் இருப்பது உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஒரு இரவு கசக்கும். ஆனால் மிரட்டுபவரின் பெரிய ஆயுதமான ‘உன் வீட்ல சொல்லிடுவேன்’ அன்றோடு தீர்ந்துபோகும்.

படி 2: 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு என்று பேசியது, கையில் வந்தது எவ்வளவு, என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள், இதுவரை கட்டியது எவ்வளவு. தேதி சரியாக நினைவில்லை என்றால் ‘ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம்’ என்றே எழுதுங்கள். ஊகித்துத் தேதி போட வேண்டாம். ஒரு தேதி தப்பாகிப்போனால் மற்ற உண்மைகளையும் அது கெடுத்துவிடும்.

படி 3: சட்டக் கணக்கைப் போடுங்கள். 50,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கி, மாதம் 5,000 வீதம் 14 மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்று வைப்போம். கட்டியது 70,000. வட்டிக்காரர் கணக்கில் அசல் 50,000 அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதத்தில் 14 மாத வட்டி 7,000. அசலோடு சேர்த்து 57,000. அதைவிட 13,000 கூடுதலாகவே கட்டிவிட்டீர்கள். முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம்தான் என்றாலும், இந்த ஒரு பக்கக் கணக்கு கையில் இருந்தால் வக்கீலும் காவல் ஆய்வாளரும் உங்கள் பேச்சைக் கேட்கும் விதமே மாறும்.

அசலே இன்னும் பாக்கி என்று கணக்கில் வந்தால், அதைத் தர மாட்டேன் என்று சொல்லாதீர்கள். 2003 சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. பாக்கித் தொகையை அரசு நிர்ணயித்த வட்டியோடு நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். பகுதித் தொகையையும் இப்படிச் செலுத்தலாம். வட்டிக்காரர் பணத்தை வாங்க மறுத்துவிட்டு வட்டியை ஏற்றிக்கொண்டே போகும்போது இந்த வழி மிகவும் உதவும்.

படி 4: இனிமேல் ரொக்கமாகக் கட்டாதீர்கள். யூபிஐ அல்லது வங்கி வழியாக மட்டும். குறிப்பில் ‘இந்த மாத வட்டி’ என்று எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இன்னொருவர் முன்னிலையில் கொடுத்து, உடனே ‘அண்ணே, இப்ப 5,000 கொடுத்தேன், வரவு வச்சுக்குங்க’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் நீங்கள் அன்றைக்கே அனுப்பிய செய்தி ஒரு பதிவு.

படி 5: மிரட்டல் அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். வெட்டாமல், ஒட்டாமல், அந்த போனிலேயே இருக்கட்டும். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். போனைப் பிடுங்கி உடைப்பதும் நடக்கும்.

### வாசலில் வந்து நிற்கும்போது

- பேச்சை வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் உட்காரவைக்காதீர்கள். தெரு பார்க்கட்டும்.
- தனியாக இருந்தால் பேசவே வேண்டாம். ‘வீட்ல ஆள் இல்ல, சாயங்காலம் வாங்க’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இரண்டு பேருக்கு போன் செய்யுங்கள்.
- ‘ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். போக நேர்ந்தால் மூன்று பேராகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.
- வண்டிச் சாவியை, பத்திரத்தை, நகையை அந்த நேரத்துச் சமாதானத்துக்காகக் கொடுக்காதீர்கள். ஆனால் அடிதடி வரும் என்றால் பொருளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். விட்டுவிட்டு, உடனே 100 அல்லது 112. பொருளைச் சட்டப்படி மீட்கலாம்.
- பெண்களிடம் தகாத வார்த்தை பேசினால் 181-லும் சொல்லுங்கள். பேசிய சொற்களை அப்படியே நோட்டில் எழுதிவையுங்கள். கூசினாலும் எழுதுங்கள். ‘ஆபாசமாகப் பேசினார்’ என்று பொதுவாக எழுதுவதைவிட அந்தச் சொற்கள் மனுவுக்கு வலு.
- பதிலுக்குத் திட்டாதீர்கள், கை ஓங்காதீர்கள். அன்று மாலையே உங்கள் மேல் முதலில் புகார் போய்விடும்.

### புகார் கொடுப்பது எப்படி

அதீத வட்டி வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் என்று 2003 சட்டம் சொல்கிறது. 2022 ஜூனில் தமிழகக் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்ற பெயரில் தனி நடவடிக்கையே எடுத்தது. ஆகவே ‘இதெல்லாம் சிவில் மேட்டர், கோர்ட்ல பாத்துக்க’ என்று நிலையத்தில் சொன்னால் ஏற்க வேண்டாம். கடனை வசூலிப்பது சிவில். கந்துவட்டியும் மிரட்டலும் குற்றம்.

மனுவில் இருக்க வேண்டியவை (ஒன்றரைப் பக்கம் போதும்):

> நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். பூ வியாபாரம் செய்கிறேன். ……… தேதியில் என் மகளின் மருத்துவச் செலவுக்காக ……… என்பவரிடம் ரூ.50,000 கடன் கேட்டேன். முதல் மாத வட்டி ரூ.5,000 பிடித்துக்கொண்டு ரூ.45,000 கொடுத்தார். தொகை எழுதாத புரோநோட்டு 2, செக் 3 (எண்கள் ………) வாங்கிக்கொண்டார். இதுவரை ரூ.70,000 கட்டியுள்ளேன், கணக்கு இணைத்துள்ளேன். ……… தேதி காலை 7 மணிக்கு என் வீட்டு வாசலில் ……… என்று மிரட்டினார். அப்போது ……… , ……… ஆகியோர் உடன் இருந்தனர். தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் 2003-ன் கீழ் வழக்குப் பதிவு செய்து, என் ஆவணங்களை மீட்டுத் தருமாறும், எனக்கும் என் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிக்குமாறும் வேண்டுகிறேன்.

வயிற்றெரிச்சலை எல்லாம் மனுவில் கொட்டத் தோன்றும். அது நியாயம்தான். ஆனால் படிப்பவர் தேடுவது தேதி, தொகை, இடம், சாட்சி இந்த நான்கையும்தான். அழுகையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவையுங்கள்.

வரிசை:

1. மனுவை மூன்று நகல் எடுத்து, இரண்டு பேரோடு காவல் நிலையம் போங்கள். எந்த நிலையத்தில் கொடுத்தாலும் வாங்கிப் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.
2. மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.
3. பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்றால் ஆணையருக்கு. கிடைக்கும் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.
4. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் வாங்குங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த எண்ணோடு மறுபடியும் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.
5. இதற்குள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தாலுகா நீதிமன்றங்களிலும் வட்டக் குழு உண்டு. தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். காவல்துறை அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் வழியாக வழக்குப் பதியக் கோரும் மனுவை அவர் தயாரிப்பார்.

நிலையத்தில் சமாதானம் பேசினால் எழுத்தில் கேளுங்கள். மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள், என்னென்ன ஆவணங்கள் திரும்பி வரும் என்று பட்டியல் போட்டு எழுதவேண்டும். ‘இனி புகார் இல்லை’ என்ற தாளில், ஆவணங்கள் கைக்கு வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். பணம் போகும், புகாரும் போகும், வெற்றுச் செக் மட்டும் அவரிடமே தங்கிவிடும்.

கடனுக்காக உங்களையோ குடும்பத்தையோ செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ வேலையை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தால், அது வேறு குற்றம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ நேரடியாகச் சொல்லுங்கள்.

### செக் நோட்டீஸ் வந்தால்

வக்கீல் நோட்டீஸ் வந்ததும் தபால்காரரைத் திருப்பி அனுப்புவது பலரின் வழக்கம். அது உங்களுக்கு எதிராகவே முடியும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். வாங்கிய தேதியை உறைமேல் எழுதி, மறுநாளே அந்த இலவச வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். செக் எதற்காக, எப்போது, வெற்றாகக் கொடுக்கப்பட்டது, உண்மையில் வாங்கிய தொகை எவ்வளவு என்று 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். வங்கியில் ‘ஸ்டாப் பேமெண்ட்’ சொல்லிவிட்டதால் வழக்கு வராது என்று நம்பியிருக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கந்துவட்டிப் புகாரில் அந்தச் செக் எண் இருந்தால், இங்கே அது பெரும் துணை. அதனால்தான் மனு மாதிரியில் எண்களை எழுதச் சொன்னேன்.

### கடன் ஆப், குழுக் கடன்

போனில் வரும் உடனடிக் கடன் ஆப்களும் மீட்டர் வட்டியின் வாரிசுகளே. தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் நீக்கிவிடுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி கடன் ஆப்களுக்கு அந்த உரிமை இல்லை. படத்தை உருமாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால், அவர்கள் அனுப்பும் முன் நீங்களே உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு ‘மோசடி ஆப் ஒன்றில் சிக்கியுள்ளேன், என் பெயரில் படம் வந்தால் திறக்காதீர்கள்’ என்று அனுப்புங்கள். ஆப்பை அழிக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகாருக்கு 1930. மிரட்டலுக்குப் பயந்து ஒருமுறை கூடுதலாகக் கட்டினால், அடுத்த மிரட்டல் வரும்.

நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் இரவில் வீட்டில் வந்து உட்கார்ந்தாலும் பொறுத்துப்போக வேண்டியதில்லை. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழகச் சட்டப்பேரவை 2025-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. புகார் கொடுக்கும் முறை மேலே சொன்னதுதான்.

### தெருவாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை

ஒரே தெருவில் ஒரே வட்டிக்காரரிடம் பத்து வீடு சிக்கியிருக்கும். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டின் கதை தெரியாது. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்களும் திறப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கொரு மனுவாகப் பத்து மனு கொடுங்கள். ஒரே மனுவில் பத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் இரண்டு பேரை விலைக்கு வாங்கினால் முழு மனுவும் ஆட்டம் காணும்.

வட்டிக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பெரும்பாலும் அவரும் கடனாளிதான். அவரை ஒதுக்கிவைக்காமல் முதலில் அவரிடம் பேசுங்கள். கணக்கு முழுக்கத் தெரிந்த சாட்சி அவரே.

கிராமசபைக் கூட்டத்தில் கந்துவட்டிப் பிரச்சினையை எழுப்பித் தீர்மானம் கேட்கலாம். குற்றவாளியின் பெயர் சொல்லாமல், ‘எங்கள் ஊரில் உரிமம் இல்லாத வட்டித் தொழில் நடக்கிறது, வட்டாட்சியர் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் மூன்று முறை அதே தீர்மானம் வந்தால் கவனிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட வேண்டியது ஓர் அவசர நிதி. 20 வீடு, வாரம் 50 ரூபாய் என்றால் வாரத்துக்கு 1,000. ஓர் ஆண்டில் 52,000. ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருவருக்குப் பள்ளிக் கட்டணம் என்று சுற்றிவர அது போதும். சுயஉதவிக் குழுவாகப் பதிந்து வங்கிக் கணக்கில் வைத்திருங்கள். ஒருவர் வீட்டுப் பீரோவில் வைக்காதீர்கள். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிப்பு. வட்டி வைப்பதென்றால் ஒரு வட்டிக்கு மேல் போக வேண்டாம்.

முதல் கூட்டத்துக்கான வேலைகள்:

1. ஞாயிறு மாலை, கோயில் திண்ணை அல்லது அங்கன்வாடி. வட்டி வசூலுக்கு ஆள் வரும் நேரத்தைத் தவிர்த்துக் கூடுங்கள்.
2. 100, 112, 181, 1930, 15100, 14416 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கு ஒன்று.
3. கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர். கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருந்தால் நல்லது. தண்டல் கணக்கையும் சட்டக் கணக்கையும் வீடு வீடாக எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை.
4. மிரட்டல் வந்தால் யார் வீட்டுக்கு யார் ஓடிவருவது என்று ஜோடி போட்டுக்கொள்ளுதல்.
5. வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு யார் யார், எந்தப் பேருந்தில், மனு நகல்கள் யார் கையில்.